ஏப்ரல் நாலின் இயல்பு

ஊரில் சிலருக்குச் சொந்தமாக வீடு இருந்தது, சிலருக்குத் தோப்பு இருந்தது. ஆவுடைச்செல்விக்குச் சொந்தமாக ஒரு நாள் இருந்தது. ஏப்ரல் நாலு.

சிரிக்காதீர்கள், அரசாங்க உத்தரவே அப்படித்தான். 2073ஆம் ஆண்டில் திருநெல்வேலிக்கு வெயில் நாள்கள் என்று சட்டம் ஒத்துக்கொண்டவை மார்ச் பதினைந்து முதல் ஜூன் பதினான்கு வரை மொத்தம் தொண்ணூற்றிரண்டு. நகர வெப்ப அலுவலகத்தில் எழுத்தர்களும் தொண்ணூற்றிரண்டு பேர். ஆளுக்கொரு நாள். அந்த ஒரு தேதியில் கடந்த முப்பது ஆண்டுகளாக ஊரில் எவ்வளவு வெயில் அடித்தது, எவ்வளவு தூறியது, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதையெல்லாம் கட்டிக் காப்பதுதான் வேலை. ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிடுவது அங்கே நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. “ஏப்ரல் நாலு, டீ குடிச்சாச்சா?” என்பார்கள். “மே பத்து இன்னைக்கு லீவு, மாமியாருக்கு முடியலியாம்” என்பார்கள். மே மாதத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு. மார்ச்காரர்களை யாரும் சட்டை செய்வதில்லை.

ஏப்ரல் மூன்று, பகல் இரண்டு மணிக்கு மறுநாளுக்கான முன்னறிவிப்பு ஆவுடைச்செல்வியின் திரைக்கு வந்தது. நாற்பத்து நாலு புள்ளி ஆறு டிகிரி. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, தம்பி சொரிமுத்து போனில் வந்துவிட்டான்.

“யக்கா, நாளைக்கு லீவுச் சங்கு உண்டா?”

“இல்லல.”

“நாப்பத்திநாலரைக்கு மேல போகுதுங்கான். அதுக்கும் ஊதாதா?”

“எவ்வளவு வெயிலுங்கிறது பேச்சில்ல. வழக்கத்தவிட எவ்வளவு கூடங்கிறதுதான் பேச்சு. இதே தேதிக்கு முப்பது வருஷமா அடிச்ச வெயில கூட்டி வகுத்தா நாப்பது புள்ளி ரெண்டு வருது. அதுதான் ஏப்ரல் நாலோட இயல்பு. அதுக்கு மேல நாலரை டிகிரி ஏறுனாத்தான் சங்கு. நாளைக்கு ஏறப்போறது நாலு புள்ளி நாலு.”

“அப்போ பாயிண்டு ஒண்ணுதான் கொறையுதா?”

“ஆமா.”

“போன வருஷம் இதே வெயிலுக்கு ஊதிச்சேக்கா. நான் வீட்ல கெடந்து உறங்குனேனே.”

“போன வருஷ வெயிலும் இப்போ அந்த முப்பதுக்குள்ள சேந்துட்டுல்லா. வெயில் ஏற ஏற இயல்பும் ஏறும்.”

சொரிமுத்து சிரித்தான். “நல்லா இருக்கே! இவன் அடி வாங்கிப் பழகுனவன், இன்னும் நாலு போடலாம்ங்க மாதிரில்லா இருக்கு. சரி, வையி. தண்ணி லாரி வந்துட்டு.”

அவனுக்குத் தகடு கழுவுகிற வேலை. ஊரைச் சுற்றியிருந்த வறண்ட குளங்களுக்குள்ளெல்லாம் சூரியத் தகடுகளை நிரப்பியிருந்தார்கள். கரம்பை மண்ணின் புழுதி படிந்தால் மின்சாரம் பாதியாகும், அதனால் தினமும் கழுவ வேண்டும். முதலில் இயந்திரங்களைத்தான் விட்டார்கள். புழுதி அவற்றின் பல்சக்கரத்தில் ஏறி ஆறு மாதத்தில் எல்லாம் படுத்துவிட்டன. மனிதர்கள் அவ்வளவு சீக்கிரம் படுக்க மாட்டார்கள் என்று கண்டுபிடித்து அவர்களை வைத்தார்கள். தரையிலும் கொதிப்பு, தகட்டிலிருந்து முகத்துக்கு எதிரடிக்கிற கொதிப்பு வேறு. சொரிமுத்து இந்த மார்ச் மாதத்திலேயே ஒருமுறை நினைவு தப்பி விழுந்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவன். இன்னொரு தடவை விழுந்தால் மூளையோ சிறுநீரகமோ எது முந்தும் என்று சொல்ல முடியாது என டாக்டர் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

அப்படியானால் ஒருநாள் வீட்டில் இருந்துவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். சங்கு ஊதினால் இருக்கலாம், யாரும் கேட்க முடியாது. சங்கு ஊதாத நாளில் வராமலிருந்தால் வேலைச் சீட்டில் ஓட்டை விழும். மூன்று ஓட்டை விழுந்தால் குளிர் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு, புறவழிச் சாலைக்கு அப்பால் தகரக் குடிலுக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு நாளுக்கு ஏற்கெனவே இரண்டு ஓட்டை விழுந்துவிட்டது. வீட்டில் எட்டு மாதப் பெண் குழந்தை இருந்தது. தகரக் குடிலில் போன கோடையில் இறந்த குழந்தைகள் எத்தனை என்று ஆவுடைச்செல்விக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பட்டியலும் அவளுடைய அலுவலகத்துக்குத்தான் வந்தது.

பாயிண்ட் ஒன்று. எள்ளில் பாதி. அந்த ஆத்திரத்தில்தான் அவள் தன் நாளின் களப் புத்தகங்களை எடுத்துப் போட்டாள்.

களப் புத்தகம் என்பது உள்ளங்கை அகலத்து நோட்டு. வெப்பமானியை மனிதன்தான் நேரில் பார்த்துப் பென்சிலால் எழுத வேண்டும் என்பது சட்டம். இயந்திரத்தின் மேல் ஜனங்களுக்கு நம்பிக்கையில்லாத காலத்தில் போட்ட சட்டம் அது. எழுதிய எண்ணை அப்புறம் அலுவலகத்து இயந்திரத்தில் ஏற்றுவார்கள். அந்த இயந்திரத்தை எல்லாரும் பெட்டி என்றுதான் சொல்வார்கள். பேச்சையும் கேட்கும், ஆளையும் பார்க்கும், கூரையில் பத்தடிக்கொரு கண் வைத்திருந்தது.

2061ஆம் ஆண்டின் ஏப்ரல் நாலில் நாற்பத்து மூன்று புள்ளி எட்டு என்று இருந்தது. அதற்கு முந்தைய நாளும் பிந்தைய நாளும் முப்பத்தொன்பதுக்குள். மற்ற எல்லா எண்களும் பென்சிலில் இருக்க, இது மட்டும் நீலப் பேனாவில், வேறு கையெழுத்தில் இருந்தது. ஆவுடைச்செல்வி பழைய காலண்டரைத் தேடிப் பார்த்தாள். அன்றைக்குப் பங்குனி உத்திரம்.

அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பங்குனி உத்திரத்தன்று திருநெல்வேலிக்காரன் எவன் அலுவலகத்தில் இருப்பான்? குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்துக்கொண்டு இருப்பான்.

2061இல் வெப்பமானி பார்த்தவர் இன்றைக்கும் அதே வேலையில்தான் இருந்தார். தளவாய் அண்ணாச்சி. ஓய்வு பெற ஆறு மாதம் பாக்கி. வெற்றிலைச் சிவப்பும் நரைத்த மீசையுமாகக் கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணாச்சி, அறுபத்தொண்ணுல உத்திரத்துக்கு எங்க போயிருந்தீக?”

நோட்டைப் பார்த்ததும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். “எங்க போவேன், எங்க சாஸ்தாவப் பாக்கப் போனேன். வாச்மேன் கிட்ட, அய்யா நீரே பாத்து எழுதி வச்சிரும்னு சொல்லிட்டுப் போனேன். அந்த மனுசனுக்கு வெப்பமானி பாக்கத் தெரியல. பஸ் ஸ்டாண்டுல பெரிய போர்டுல ஓடும்லா, அதப் பாத்து எழுதிட்டாரு. போர்டு எஞ்சின் சூட்டையும் சேத்துக் காட்டிச்சு.”

“இந்த ஒண்ணத் திருத்துனாப் போதும் அண்ணாச்சி. இயல்பு நாப்பதுக்கு எறங்கிரும். நாளைக்குச் சங்கு ஊதும்.”

தளவாயின் சிரிப்பு நின்றது. கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். “வேண்டாம்மா. அதக் கிளறாத.”

“ஏன்?”

“கிளறாதன்னா கிளறாத. அஞ்சரைக்கு வெப்பமானிக் கூண்டுப் பக்கம் ரீடிங் பாக்கப் போவேன். கூட வா. அங்ஙன வச்சுச் சொல்லுதேன்.”

“மனு அஞ்சு மணிக்குள்ள போடணும் அண்ணாச்சி. இல்லாட்டா நாளைக்குச் சேராது.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா அஞ்சரைங்கீக?”

அவர் வெற்றிலைப் பெட்டியை மூடி மூடித் திறந்தார். ஆவுடைச்செல்விக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேலை நேரத்தில் கோயிலுக்குப் போனது வெளியே வந்தால் ஓய்வுக்கு முன்னால் பேர் கெட்டுவிடும், அதுதானே! நாளைக்கு ஊரில் எவன் விழுந்தால் இவருக்கென்ன?

“எந்தம்பி குளத்துக்குள்ள நிக்கான் அண்ணாச்சி,” என்றாள்.

“தெரியும்மா. அதுக்குத்தான் சொல்லுதேன்,” என்றார் அவர். குரல் நடுங்கியதை அவள் பயம் என்று எடுத்துக்கொண்டாள்.

நாலு ஐம்பதுக்கு மனுவைப் போட்டாள். திரையில் வழக்கமான கேள்வி வந்தது. ஒரு பதிவைத் திருத்தக் கோரினால் அந்தத் தேதியின் முப்பது ஆண்டுகளும் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படும், சம்மதமா? இது அவள் அறிந்ததுதான். தப்பு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, மற்றதெல்லாம் பென்சிலில் மணிமணியாக எழுதியது, நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டுமே என்று நினைத்தாள். சம்மதம் என்று அழுத்தினாள்.

பெட்டிக்கு நாலு நிமிடம் பிடித்தது.

2061 திருத்தப்பட்டது என்று முதல் வரி வந்தது. அவள் கையெடுத்துக் கும்பிடப் போனாள். அதற்குக் கீழே 2043 திருத்தப்பட்டது என்று வந்தது. அப்புறம் 2044. 2046. வரி வரியாக இறங்கிக்கொண்டே போயிற்று. முப்பதில் இருபத்தேழு. 2061 ஒன்றுதான் குறைந்தது. மற்ற இருபத்தாறும் ஏறியிருந்தன. ஒரு டிகிரி, ஒன்றரை, சிலதில் இரண்டு. கடைசியில் புது இயல்பு நின்றது: நாற்பத்தொன்று புள்ளி மூன்று.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்று ஊரில் சொல்வார்கள். அவள் தன் கண்ணெதிரே பூதம் எழுந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் பாயிண்ட் ஒன்று தூரத்தில் இருந்த சங்கு இப்போது ஒரு டிகிரிக்கு மேல் தள்ளிப் போய்விட்டது.

அஞ்சரைக்குக் கதவு திறந்தது. பகல் பதினொன்றுக்கு மேல் அலுவலகக் கதவு வெப்பமானி பார்ப்பதற்கு மட்டும்தான் திறக்கும். தளவாய் முன்னால் நடந்தார், அவள் பின்னால் ஓடினாள். பொட்டலின் நடுவே நாலு காலில் நின்ற வெள்ளை மரக் கூண்டுக்கருகில் போனதும் அவர் திரும்பினார்.

“போட்டுட்டியா?”

அவள் தலையாட்டினாள்.

“எவ்வளவு ஆச்சு?”

“நாப்பத்தொண்ணு புள்ளி மூணு.”

அவர் கூண்டின் காலைப் பிடித்துக்கொண்டார். திட்டுவார் என்று அவள் நினைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“அருளப்பன் சார்னு எனக்கு முந்தி இங்ஙன பாத்தாரு,” என்றார். “இயல்புச் சட்டம் வந்த வருஷமே அவருக்குப் புரிஞ்சு போச்சு. உள்ள வெயில எழுதுனா இயல்பு ஏறிக்கிட்டே போகும், ஒருநாள் சங்கே ஊதாதுன்னு. அன்னையிலேர்ந்து ஒரு டிகிரி கொறச்சு எழுத ஆரம்பிச்சாரு. போகும்போது என்கிட்ட சொல்லிட்டுப் போனாரு. நான் பதினேழு வருஷமா எழுதுதேன். போன கோடையில பதினோரு நாள் ஊதிச்சே, அத யாரு ஊதுனான்னு நெனச்ச?”

“எங்கிட்ட ஏன் சொல்லல?” அவளுக்கு அழுகை வெடித்தது. “மத்தியானமே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பனா?”

“உள்ள வச்சுச் சொன்னா பெட்டி கேக்கும். எழுதிக் காட்டுனா மேல இருந்து பாக்கும். கதவும் தொறக்காது. அஞ்சு மணி தாண்டட்டும், பெறவு கூட்டிட்டு வந்து சொல்லுவோம்னுதான் இருந்தேன். முன்னாலேயே சொல்லியிருக்கணும். நீ ஒரு எண்ணு பெசகுனாக்கூட மூணு மனு போடுத ஆளு. நேர்மையான பிள்ளன்னு பயந்துட்டேன்.”

“உங்க பேரக் காப்பாத்தத்தான் இழுத்தடிக்கீகன்னு நெனச்சேன் அண்ணாச்சி.”

“நெனைக்கத்தான் செய்வ. நானா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பேன்.”

“மத்த நாளாவது தப்பிக்குமா?”

“ஒரு நாளத் தொறந்துட்டுல்லா. நாளையிலேர்ந்து வரிசையா எல்லாத்தையும் தொறக்கும். ஜூன் வரைக்கும் இனி எங்க ஊத!” அவர் கூண்டைத் திறந்து வெப்பமானியைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தார். நோட்டில் எழுதினார். அவள் எட்டிப் பார்த்தாள். உள்ளதை உள்ளபடியே எழுதியிருந்தார். “இனிமே கொறச்சு எழுதி என்ன,” என்றார்.

அவள் பொழுது சாய்வதற்குள் தம்பி வீட்டுக்குப் போனாள். ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். சொரிமுத்துவின் பெண்டாட்டி மாரித்தங்கம் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். “வாங்க மைனி, காப்பி போடட்டா?” என்றாள். சொரிமுத்துவை ஆவுடைச்செல்வி நடைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

“நாளைக்குப் போகாதல.”

“என்னக்கா, சின்னப் பிள்ள மாதிரி.”

“நான்தாம்ல கெடுத்துட்டேன். ஒரு தப்பத் திருத்தப் போயி எல்லாம் ஏறிப்போச்சு.”

“தப்பத் திருத்துனதுல என்ன தப்பு?” அவனுக்கு விளங்கவில்லை. விளங்கவைக்க அவளுக்கு வாய் வரவில்லை. “எனக்கு ரெண்டு ஓட்ட விழுந்து கெடக்கு. மூணாவது விழுந்தா இந்தப் பிள்ளையத் தூக்கிட்டுத் தகரத்துக்குள்ள போகச் சொல்லுதியா?”

“எங்கூட வந்து இருங்க.”

“ஒத்தை ஆள் வீட்ல நாலு பேரு இருந்தா உன் சீட்டையும் கிழிப்பான். சவத்த விடுக்கா. ஈரத்துண்டு ரெண்டு கூட எடுத்துட்டுப் போறேன், போதுமா?”

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. சங்கு ஊதவில்லை. ஆறு ஐந்துக்குத் தெருவில் சைக்கிள்கள் கிளம்பின. சொரிமுத்து குழந்தையின் உள்ளங்காலில் முத்தம் கொடுத்துவிட்டு, “வாரேன்” என்று சொல்லிப் போனான்.

தன் நாளன்று எழுத்தர் விடுப்பு எடுக்க முடியாது. ஆவுடைச்செல்வி அலுவலகத்துக்குப் போனாள். உள்ளே நுழைந்ததும் கைதட்டினார்கள். முப்பது ஆண்டுத் தவறுகளைக் கண்டுபிடித்த ஏப்ரல் நாலுக்குப் பாராட்டு என்று பலகையில் ஓடிக்கொண்டிருந்தது. மே பத்து ஓடிவந்து கையைக் குலுக்கினாள். “ஆபீஸுக்கே நல்ல பேரு வாங்கிக் குடுத்துட்டியே! எங்க நாளையும் இன்னைக்குச் சரி பண்ணுதாங்களாம்!” கதவோரத்து நாற்காலி காலியாக இருந்தது. தளவாயை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றார்கள்.

ஒரு மணிக்கு வெளியே நாற்பத்து நாலைத் தாண்டியது. அவள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தம்பிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு இருபதுக்கு மாரித்தங்கத்தின் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது பக்கத்து வீட்டு ஆள்.

தகடுகளுக்கு அடியில் நிழலுக்கென்று போய்ப் படுத்திருக்கிறான். மேஸ்திரி அசதியில் தூங்குகிறான் என்று விட்டுவிட்டார். எழுப்பப் போனவன் தொட்டுவிட்டுக் கையை உதறினானாம், உடம்பு அப்படிச் சுட்டிருக்கிறது.

அஞ்சரைக்குக் கதவு திறந்த பிறகுதான் அவளால் ஆஸ்பத்திரிக்குப் போக முடிந்தது. அங்கே ஒரு சின்னப் பெண் டாக்டர் இறப்புப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். வெப்பம் என்று எழுதப் பார்த்தாள், திரை ஏற்கவில்லை. இரண்டு மூன்று தடவை முயன்றுவிட்டு ஆவுடைச்செல்வியை ஏறிட்டுப் பார்த்தாள்.

“இன்னைக்கு இயல்பான நாள்னு காட்டுதும்மா. எழுத விடமாட்டேங்குது. ஹார்ட்டுன்னு போட்டுறட்டுமா?”

“போடுங்க,” என்றாள் ஆவுடைச்செல்வி.

அவள் வெளியே வந்தபோது வராந்தாவில் மாரித்தங்கத்தைச் சுற்றிச் சொந்தக்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை யாரோ ஒருத்தியின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. கிழவி ஒருத்தி மூக்கைச் சிந்திவிட்டு, வெயில்தான் பிள்ளையைக் கொன்றுவிட்டது, வேறென்ன என்றாள்.

மாரித்தங்கம் விருட்டென்று நிமிர்ந்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

“வெயிலு இல்ல சித்தி. வெயிலா இருந்தா சங்கு ஊதியிருக்கும்லா? எங்க மைனி அங்கதான வேல பாக்காவ. அவிய நாளுதான் இன்னைக்கு. உள்ளபடியே வெயில் இருந்திருந்தா, கூடப் பொறந்த தம்பிய விட்டுருப்பாவளா? இவியதான் ராத்திரி சரியாச் சாப்பிடல, காலையிலயும் வெறும் வயித்தோட போனாவ. நாந்தான் கட்டாயப்படுத்தி ஊட்டி அனுப்பியிருக்கணும். எல்லாம் எந்தப்பு.” அவள் ஆவுடைச்செல்வியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். “நீங்களே சொல்லுங்க மைனி. இன்னைக்கு வெயிலா?”

எல்லாரும் ஆவுடைச்செல்வியைப் பார்த்தார்கள். வராந்தாவுக்கு வெளியே தார் இளகிக் கிடந்தது, ஒரு ஈ காக்கை இல்லை.

“இல்லம்மா,” என்றாள் அவள். “இன்னைக்கு எப்பவும் போலதான்.”